ஆள் குறையாத அறுப்பு

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, சுசீந்திரத்துக்கு வெளியே பஸ் நிற்கிறது. சாலையோர வயலில் கும்பப்பூப் பருவ நெல் அறுக்கிறார்கள். வரப்பில் இறங்கி, அறுக்கும் பெண்ணொருத்தியிடம் கேட்கிறேன்: “ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் இங்கே வரவில்லையா?”

“வராம பின்ன? சர்க்கார் ஆஸ்பத்திரியில சும்மா மருந்து தந்தாவ. இப்பம் பாருங்க, ஒராளு கொறவில்ல.” அரிவாளை நீட்டி வயல் முழுவதையும் காட்டுகிறாள்.

“வரிப்பணத்தைச் சும்மா வாரி இறைக்கலாமா?”

நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். “வெத நெல்ல வயல்ல வீசினா, வீணாப் போச்சுண்ணு சொல்லுவியளா? நாங்க பாயில கெடந்தா இத ஆரு அறுப்பா? வரி எங்கயிருந்து வரும்?”

பஸ் ஏறுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், வரி கூடும், இலவச மருந்து வேண்டாம் என்று மனு எழுதியவன் நான். மருந்து வராமல், காய்ச்சலில் ஊரே பாயில் கிடக்க, என் நெல், அறுக்க ஆளில்லாமல் வயலிலேயே உதிர்ந்தது.