மேலே காட்டிய கை

அந்தப் பென்டிரைவில் உள்ள படத்தில் நான் ஒரு நிமிடம் வருகிறேன். என் மகன் சிங்கவரத்தில் கட்டிய புது வீட்டின் வாசல். தரையில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் துண்டு. யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த பேனரில் 'வருக' என்ற எழுத்து மட்டும் மிச்சம். அதன் மேலிருந்து கிளம்பிய ட்ரோன் தென்னை மர உயரத்தில் நின்று கீழே பார்க்கிறது. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒரு கிழவன் அண்ணாந்து, ஆட்காட்டி விரலால் வானத்தைக் குத்திக் குத்திக் காட்டுகிறான். வாயும் அசைகிறது. என்ன சொல்கிறான் என்று கேட்காது. ட்ரோன் படம் பிடிக்கும், குரலைப் பிடிக்காது. அதை நம்பித்தான் இரண்டு ஆண்டுகள் இந்த ஊரில் யோக்கியனாக நடமாடினேன்.

ட்ரோனை ஓட்டியவர் செஞ்சியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்த வீடியோக்காரர். நாற்பது வயதிருக்கும். ட்ரோன் ஓட்ட முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அதனாலேயே அவரை 'நீ, வா, போ' என்று பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைத்திருந்தேன். ட்ரோனை மேலே அனுப்புவதற்கு முன்பு அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மர உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, அது எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பார். காற்று தள்ளாமலிருக்க அது காற்றை எதிர்த்துச் சாயும். சாய்வு அதிகமென்றால் இறக்கிவிடுவார். பேட்டரி பாதிக்கு வந்தால், யார் என்ன கேட்டாலும் திருப்பிவிடுவார்.

அன்று வீட்டின் கிரகப்பிரவேசம், ஆவணி மாதம். ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. செஞ்சிக் கோட்டைப் பக்கம் பறக்கவிட அனுமதி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கோ, முன்னால் என் மகன் வீடும் பின்னால் ராஜகிரி முதலான மூன்று கோட்டை மலைகளும் ஒரே படத்தில் வர வேண்டும். அதற்கு ட்ரோன் கிழக்கே வெகுதூரம் விலகி, உயரத்துக்குப் போக வேண்டும்.

"சாயுது பாருங்க சார். கீழயே இப்பிடின்னா மேல இன்னும் காத்து ஜாஸ்தி. போவும்போது காத்தே தள்ளினு போவும். வரும்போது எதுத்து வரணும், பேட்டரிய தின்னுடும். நானூறு அடிக்கு மேல போவவும் கூடாது."

"எனக்கே அடிக்கணக்கு சொல்லித் தர்றியா? இந்தத் தாலுகாவுல எந்த மேடு எத்தினி அடின்னு அளந்தவன் நான். காத்துக்குப் பயந்தவன் கேமராவ ஏன் தூக்கினு வந்த?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது.

தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். அடிவாரத்தில் இலை அசையாத காலையில், மலை உச்சியில் தூக்குக்குண்டு ஊசலாடி நிற்க மறுத்ததைப் பலமுறை கண்டவன். அளவுக் கருவி நிற்கும் முக்காலியின் காலில் கல்லைக் கட்டியும் ஆகாமல், காற்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஆட்களோடு இறங்கியவன். எனக்குக் காற்றைக் கண்டால் இறங்கும் அறிவு இருந்தது. அதே அறிவு இன்னொருவரிடம், அதுவும் அவரிடம், இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ட்ரோன் மேலே போனது. காற்றே சுமந்து போனதால் சீக்கிரம் போனது. "பேட்டரி பாதி வந்துடுச்சி சார், திருப்பிடறேன்" என்றார். "ராஜகிரி உச்சி சரியா வரல, இன்னும் ஏத்து" என்றேன். அவர் தயங்கினார். அப்போது சொன்னேன்: "உங்க நைனா என்கிட்ட ஒரு நாளும் எதுத்துப் பேசினது கெடயாது, தெரியுமா?"

அவர் முகம் கறுத்தது. ட்ரோனை ஏற்றினார்.

திரும்பும்போது ட்ரோன் முக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் வந்தது. ரிமோட் விடாமல் அலறியது. பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால் அது தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். இறங்கிய இடம் வேர்க்கடலைக் கொல்லை. "அக்கா, தள்ளிப் போக்கா!" என்று கத்திக்கொண்டு அவர் வரப்பில் ஓடினார். கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, ஏதோ பறவை என்று நினைத்துக் கையை வீசியிருக்கிறார். சுற்றிக்கொண்டிருந்த இறக்கை புருவத்தையும் கண்ணையும் கிழித்தது. நான் போய்ச் சேர்வதற்குள் வீடியோக்காரர் தன் சட்டையைக் கழற்றி அந்த அம்மாளின் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். இடது கண் பிழைக்கவில்லை.

சாயங்காலம் போலீஸ் வந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அவரை நிற்கவைத்தார்கள். வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'உயரே கொண்டுபோக வேண்டாம் என்று நான் எச்சரித்தும் கேளாமல்' என்று எழுதினேன். போலீஸ்காரர் அதைச் சத்தமாகப் படித்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்குது சார்" என்றார்.

படத்தை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. என் எழுத்தே போதுமாக இருந்தது. அவருக்கு வழக்கு, தண்டம், ஊரெல்லாம் கெட்ட பெயர். ஸ்டுடியோவை மூடிவிட்டு அனந்தபுரம் சந்தைக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். வழக்கு முடிந்து ட்ரோன் கைக்கு வந்ததும், ஒப்புக்கொண்ட வேலை என்று சொல்லிப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் திறக்கவே இல்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்தவர்களிடம் என் மகன் சொல்லிக்கொண்டிருந்தான்: "நைனா அப்பவே வேணாம்னாரு. அந்த ஆளு கேட்டாத்தானே!" எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். என் பொய்யை என் மகன் குடும்பப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்றுதான் படத்தைப் போட்டுப் பார்த்தேன்.

வீடியோக்காரரைத் தேடிப் போனேன். வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். மூட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எழுதுங்க. அந்த அக்காவுக்குக் கண்ணு வருமா?" அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் எனக்கு என் மேலேயே இன்னும் கோபம் வந்திருக்கும்.

நேற்றுக் காவல் நிலையத்துக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதிய எஸ்.ஐ. "முடிஞ்ச கேஸ் பெரியவரே, இந்த வயசுல எதுக்கு டென்ஷன்?" என்று டீ வரவழைத்தார். இங்கேயும் எனக்கு நாற்காலி. நான் உட்காரவில்லை. புது வாக்குமூலத்தை மேசையில் வைத்துவிட்டு, பென்டிரைவைப் போட்டுப் பார்க்கும்வரை போகமாட்டேன் என்றேன்.

போட்டார். ஃபிளெக்ஸ் துண்டு தெரிந்தது. ட்ரோன் மர உயரத்தில் சாய்ந்து நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. அது ஏற ஏறக் கீழே நின்றவன் சிறுத்துக்கொண்டே போனான். தூக்கிய கையை மட்டும் அவன் இறக்கவில்லை.

"யாரு இந்த ஆளு, மேல மேலன்னு கை காட்டறது?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"நான்தான்" என்றேன்.