இருட்டில் போன பதினெட்டு வரிகள்

பழைய நாடகங்களை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவது எங்கள் குழுவின் வழக்கம். ஒன்பது பேர், செகந்திராபாத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டைமாடி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். சுருக்குவதற்கு ஒரே விதி. எந்த வரியை வெட்டினாலும், அதைப் பேச இருந்தவர் முதலில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே பேனா. சொல்லிக் கேட்டதும் பாதி வரிகள் பிழைத்துவிடும். இந்த விதியைப் பற்றி ஆபீசில் எல்லாரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். அதனாலேயே இதை எழுதக் கூசுகிறது.

பிரதி எழுதுவதும் விளக்கு போடுவதும் என் வேலை. எதற்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். கூடவே இன்னொன்று. ராஜமாதாவாக நடித்த அக்கா நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். இங்கேயே பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவர் வசனத்தை மட்டும் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

மகனை நாடு கடத்தும் ஆணையைக் கேட்டு ராஜமாதா பேசுவது இருபத்திரண்டு வரி.

"பெல்ட்டு ஓடறப்ப மனசுக்குள்ள சொல்லிக்குவேன்மா. பெல்ட்டு நின்னாலும் நான் நிக்க மாட்டேன்" என்பார் அக்கா.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு, அரங்கத்தில் எங்கள் நேரத்தைக் கால் மணி குறைத்துவிட்டார்கள். கடைசி ஒத்திகையும் முடிந்திருந்தது. டைரக்டர் போனில் சொன்னார்: "எங்க வெட்டணுமோ வெட்டு. ஆனா பேசறவங்க சொல்லிப் பார்க்கணும்."

ஒரே மூச்சில் உட்கார்ந்து வெட்டினேன். அக்காவுக்கு நாலு வரிதான் மிஞ்சியது. தமிழில் புதுப் பிரதியைக் குழுவுக்கு அனுப்பினேன்.

"அக்கா சொல்லிப் பார்த்தாங்களா?" டைரக்டர் கேட்டார்.

"ஆச்சு சார். போன்லயே."

ஆகவில்லை. அவர் ஷிப்டில் இருந்தார். பிறகு கூப்பிட்டு, தெலுங்கிலும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் துணிக்கு ஓடினேன், மைக்குக்கு ஓடினேன். மறந்தே போனேன்.

நாடகத்தன்று அக்காவின் காலேஜ் மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அம்மா நடிப்பதை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள். நாலாவது வரி முடிந்தது. புதுப் பிரதியில் குறித்திருந்தபடி என் விரல் விளக்கை அணைத்தது. இருட்டில் ஐந்தாவது வரி கேட்டது. பாதியில் நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். விளக்கை மறுபடி போட்டிருக்கலாம். நான் போடவில்லை.

"எங்கயோ தாவிட்டேன் போலிருக்கும்மா" என்றார், திரைக்குப் பின்னால். நான் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது. "அடுத்த நாடகத்துக்கு நான் நக்கோப்பா, வேணாம். ஞாபகம் நிக்க மாட்டேங்குது. உங்க பேரையும் கெடுத்துருவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூன்று தடவை கேட்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு நாச்சாரத்துக்குப் போனேன்.

சாப்பாட்டு வேளையில் கேட் பக்கத்து வேப்பமரத்தடிக்கு வந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன்.

"லைட்டும் நீதானே?"

"ஆமாக்கா."

டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தார்.

"என் மவ கேட்டா, மறந்துட்டியாம்மான்னு. ஹவ், ஆமான்னு சொன்னேன். அன்னிலேர்ந்து அவ எனக்கு மாத்திரைய ஞாபகப்படுத்தறா, சாவிய ஞாபகப்படுத்தறா."

"மன்னிச்சிருங்கக்கா."

"அதெல்லாம் இருக்கட்டும். வெட்டறதுக்கு முன்னாடி சொல்லணும்ல? கேளு."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா ஐந்தாவது வரியிலிருந்து ஆரம்பித்தார். கையில் டிபன் பாக்ஸ், தலையில் தொழிற்சாலைத் தொப்பி. பதினெட்டு வரியிலும் ஒரு சொல் பிசகவில்லை. வாட்ச்மேன் பீடியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதில் வெட்டக்கூடியது இரண்டு வரி இருந்திருக்கும். அதற்கு மேல் இல்லை.

"இப்ப வெட்டிக்கோ" என்றார்.

"அடுத்த நாடகத்துக்கு வருவீங்களாக்கா?"

"ஆறு மணிக்கு ஷிப்டு முடியும். வீட்டுக்கு வா. முதல்ல என் மவகிட்ட சொல்லு. தெலுங்குல சொல்லு, நல்லா புரியட்டும்."

ஆறு மணிவரை அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைத் தெலுங்கில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதை வெட்டினாலும் பொய்யாகத்தான் இருந்தது.