ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

என் வீட்டுக்காரரைக் குடியிலிருந்து மீட்க நான் போகாத இடமில்லை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலில் கயிறு கட்டினோம். அது நைந்து விழும்வரைகூட அவர் பொறுக்கவில்லை, அவரே அறுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கப் போனார். சோற்றில் கலக்கச் சொல்லி ஒருவர் கொடுத்த பொடியால் வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம். கடைசியில் மஞ்சள் காமாலையோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமையில குடிக்கிறவங்கள்லாம் ஒரு எடத்துல கூடுறாங்கம்மா. குடிக்கறதுக்கு இல்ல, வுடறதுக்கு. இட்டுக்கினு போய்ப் பாரு."

தேடிப் போனோம். குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் கல்வராயன் மலை இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். மலையிலிருந்து சாராயம் இறங்கிக்கொண்டிருந்த காலம், அவர்மேல் தப்பில்லை. அலைந்து திரிந்து கண்டுபிடித்தால், அது ஒரு தொடக்கப்பள்ளி. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஆறடி ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். அந்த வருஷங்களில் எல்லாரும் முதலில் கேட்ட சாதியையும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்ல வேண்டும். கூட வந்த பெண்களுக்கு வராந்தாவில் இடம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "குடிகாரன்னு நீ சொன்ன, ஊரு சொல்லிச்சி. இப்ப நானே எழுந்து நின்னு சொல்லணுமா?"

"சொன்னா இன்னா, வாய் வெந்துபூடுமா?" என்றேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

என் மாமியாருக்கு இது ஆகவில்லை. எம்புள்ளைய ஊர் சிரிக்க நிக்க வெக்கிறா என்று என் காதுபடப் பேசினார். ஆனால் என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை. பொழுது சாயும்போது வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று சட்டைப்பை நிறைய வெல்லக்கட்டி வைத்துக்கொண்டு, ஆசை வரும்போதெல்லாம் ஒன்றைக் கடிப்பார். சட்டை முழுக்க எறும்பு. அதைத் துவைக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. ஈரல் பாதிக்குமேல் போய்விட்டது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது எங்கள் இருவருக்கும் தெரியும். இருக்கிற நாளைத் தெளிவாக இருந்துவிட்டுப் போகிறேன் என்பார்.

எங்கள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த வாரம், எங்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. கேட்கிறது நியாயந்தானே என்று இவரும் போய் அவர்களோடு உட்கார்ந்திருந்தவர்தான். ஞாயிறு வந்ததும் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கேரியரில். மரம் வந்த இடத்தில் எல்லாம் நான் இறங்கிக்கொள்வேன், அவர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். ஒரு மரத்தடியில் அவருடைய பங்காளிகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போராட்டம் நடந்துக்கினு கீது, எங்கடா போற? வந்து ஒரு வாய் ஊத்திக்கினு போ."

"வேல கீது," என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்தார். முதுகுச் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

வகுப்பறையில் அன்றைக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். கேட்காமலே எனக்குத் தெரியும், எங்கள் ஊர்த் தெருவுக்குள் செருப்போடு வரமுடியாத சாதிக்காரர். அந்த ஒருவருக்காக இவர் எழுந்து நின்று, கூட்டம் நிறைந்திருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படியே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவர் எழுந்து இவருக்குச் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். இந்த மனுஷன் இனிக் குடிக்க மாட்டான் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

கரும்பு வெட்டு வருவதற்குள் வயிறு வீங்கி, அவர் போய்விட்டார். சொட்டுக்கூடத் தொடாமல்தான் போனார். ஆனால் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் குடித்தே செத்தான் என்றார்கள். என் கண்ணெதிரே சொன்னார்கள். இல்லை என்று கத்த வந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் மாலையோடு வந்தார்கள். யாரென்று கேட்டவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு, ஓரமாக நின்றிருந்து போனார்கள். அவர்கள் வாயைத் திறந்திருந்தால் ஊர் நம்பியிருக்குமோ என்னவோ. கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது, அவர்கள் வழக்கம் அப்படி.

கருமாதிக்கு முந்தின சாயந்திரம் வீட்டில் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பார்கள். கருவாட்டுக் குழம்பு, வடை, அவர் கட்டும் கரை வேட்டி. கடைசியில் மாமியார் முந்தானையை விலக்கி ஒரு பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். மலைச் சாராயம். ஊரோடு சேர்ந்து பெற்றவளும் சொல்கிறாளே என்று பாட்டிலை எடுக்கக் கை நீட்டினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, எடுக்காத. அவன் வுட்டுட்டான்னு எனக்குத் தெரியாதா? ராவெல்லாம் வெல்லத்தக் கடிச்சிக்கினு ஏங்கிக் கெடந்தான், நான் பாத்துக்கினுதான இருந்தேன். உசுரு இருந்த வரைக்கும் தொடல. இனிமே இது அவன இன்னா பண்ணும்?"

நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். பாட்டிலோடு அப்படியே குடிக்க அவருக்குப் பிடிக்காது. எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன்.