சுகவீனர் பட்டியல்

திருவண்ணாமலையில் இரண்டரை வருடம் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில். ஓர் ஊரில் நான் அவ்வளவு நாள் தங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தங்கியதற்கு முக்கியமான காரணம் பொறாமை. அதுவும், எழுந்து உட்காரக்கூட முடியாத ஒரு மனிதர்மேல்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளையில் இருந்தேன், ஓட்டலில் இருந்தேன். பிறகு விழுப்புரத்தில் லாரிகளுக்குப் பின்னால் எழுத்து எழுதும் ஒரு பெயிண்டரிடம் இருந்தேன். என் கையெழுத்து அங்கே வந்ததுதான். திருவண்ணாமலையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை துடைக்கிற வேலை. மாடிப்படிக்குக் கீழே அழுக்குத் துணி போடுகிற இடத்தில் படுக்கை. பௌர்ணமிக்குக் கூட்டம் வந்தால் அந்த இடத்தையும் வாடகைக்கு விட்டுவிடுவார்கள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் படுப்பேன்.

ஊரில் ஒரு கிறிஸ்தவ சபை இருந்தது. அங்கே நான் போனது மழைக்கு ஒதுங்கத்தான். அடுத்த ஞாயிறு மழை இல்லை, ஆனாலும் போனேன். நாற்பது குடும்பங்கள் இருந்த சின்ன சபை. மூன்றாவது மாதம் நாற்காலிகளை விரிப்பதும் மடக்குவதும் என் பொறுப்பாகிவிட்டது. நாற்காலி வைக்கிற அறையின் சாவியும் என்னிடம் வந்தது.

ஆராதனையின் முடிவில், ஆசீர்வாதத்துக்கு முன், அறிவிப்பு வாசிப்பார்கள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அப்போது நிமிர்ந்துவிடுவார்கள். இந்த வாரம் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமண நாள், புதன்கிழமை வீட்டு ஜெபம் யார் வீட்டில், யார் பிள்ளை பரீட்சை எழுதுகிறது, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் பெயர் சொல்லி வரும். பெயர் வந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவில் ஒரு பெருமை தெரியும்.

எனக்கு அதில் எங்கேயும் இடமில்லை. பிறந்த தேதி தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டு ஜெபம் வைக்க வீடில்லை. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் முழங்கால் போட்டால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஊருக்குப் போகிறவன்தான், ஆனால் போனால் திரும்புகிறவன் இல்லை என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. உடம்புக்கு மட்டும் ஒரு தடவை வந்தது. பதினோரு நாள் காய்ச்சல். நடுவில் ஒரு ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறு மெலிந்துபோய், தாடியோடு, வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு உள்ளே போனேன். சபைச் செயலாளர் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர்.

"எங்கப்பா போய்ட்ட? போன வாரம் சாவி உங்கிட்ட மாட்டிக்கிச்சி. பூட்ட ஒடச்சிதான் சேர் எடுத்தோம். புதுப் பூட்டு வாங்கியாச்சி, இந்தா சாவி."

வாங்கிக்கொண்டு நாற்காலி விரிக்கப் போனேன்.

அந்த அறிவிப்பை எழுதியதே நான்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. போதகர் ஐயா குறித்துத் தருவதைச் செயலாளரால் படிக்க முடியாது. என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், சனிக்கிழமை மதியம் நான் அதைப் பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. இப்படி வாராவாரம் ஊரார் பெயரெல்லாம் என் கையால் எழுதினேன்.

வாராவாரம் தவறாமல் எழுதிய பெயர் ஒன்று உண்டு. சுகவீனர் பட்டியலில் முதல் பெயர். மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கியவர். அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நான் ஊருக்கு வரும்போதே அவர் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சபைக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் அவர் வீட்டுக்குப் போவோம். நான் பாயும் பாட்டுப் புத்தகங்களும் தூக்கிக்கொண்டு போவேன். ஒருத்தி அவர் மனைவியிடமிருந்து துணியை வாங்கி மடிப்பாள். ஒருத்தி கொண்டுவந்த இட்லியைப் பாத்திரத்தில் மாற்றி வைப்பாள். போதகர் அவர் தலையில் கையை வைத்து, பெயர் சொல்லி, "எங்கள் சகோதரனை நினைத்தருளும்" என்பார். பத்துக் குரல் சேர்ந்து ஆமென் சொல்லும். நான் கதவோரம் நின்று, அந்தக் கை என் தலையில் இருந்தால் எவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அது போகவில்லை.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த ஒரு மாதம் அது நடந்தது. அதற்கு முந்தைய வார அறிவிப்பு நீளமாக இருந்தது. அடுத்த ஞாயிறு பஸ் ஊருக்குள் வராது, ஆகவே ஆராதனை காலை ஆறரைக்கு. பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கு மாற்றம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கள் முன்பே சொல்லவும். எழுதி வரும்போது தாளின் அடிக்கு வந்துவிட்டேன். இரண்டு வரிக்கு இடமிருந்தது. சுகவீனர் மூன்று பேர். நெருக்கி எழுதினால் மூன்று பேரும் அடங்குவார்கள். நான் நெருக்கி எழுதவில்லை. இரண்டு பேரை எழுதிவிட்டு, முதல் பெயரை விட்டுவிட்டேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிறு செயலாளர் வாசித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி. அது ஒரு நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை மதியம், படுத்திருந்தவரின் மனைவி லாட்ஜுக்கே வந்துவிட்டார். "தம்பி, பேனா எடுத்துக்கினு வாயேன். அவரு லெட்டர் எழுதணுமாம். காலையிலேர்ந்து சாப்பிடல."

வழியிலேயே அந்த அக்கா விஷயத்தைச் சொன்னார். வீடு சபைக்குப் பின்தெருவில். கூரைமேல் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரில் வருவதெல்லாம் அங்கே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொல்வாராம். அறிவிப்பு வரும்போது வீட்டில் யாரும் பாத்திரம்கூட நகர்த்தக் கூடாது. எதிர்வீட்டில் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா ஒருத்தி. அவளும் காது கொடுத்துக் கேட்பாளாம். நேற்று அறிவிப்பு முடிந்ததும் அவள்தான் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்: "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு பேர எடுத்துட்டாங்களா?"

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் உட்கார்ந்ததும் திரும்பாமலே சொன்னார். "எழுது. கனம் பொருந்திய போதகர் ஐயா அவர்களுக்கு."

எழுதினேன்.

"போன மாசம் நீங்க ஜெபம் பண்றப்போ நான் தூங்கிட்டது நெசம். மாத்திர அப்படி. அதுக்காக எம்பேர எடுக்கறது நியாயமான்னு எழுது."

"அதுக்காக இருக்காதுங்க," என்றேன்.

"நீ எழுதப்பா. உனக்கு இன்னா தெரியும்? அன்னிக்கி எழுந்து போறப்போ அவரு மொகமே செரியில்ல. எழுது. இனிமே வியாழக்கெழம யாரும் என் வூட்டுக்கு வர வேணாம். நாங்க எப்படியோ பொழச்சிக்கிறோம்."

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "வேணாங்க. அத மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. அவங்க வராட்டி நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

"மானம் ஜாஸ்தியா, இட்லி ஜாஸ்தியா?"

"இட்லிதான் ஜாஸ்தி," என்றார் அக்கா. அழுதுகொண்டேதான் சொன்னார்.

என் பேனா "யாரும்" என்ற சொல்லில் நின்றிருந்தது. இந்தக் கடிதம் போனால் வியாழக்கிழமை போய்விடும், போதகர்மேல் பழி விழும். கிழித்துப் போட்டாலும் இவர் வேறு ஆளை வைத்து எழுதுவார். பேனாவை மூடினேன்.

"போதகர் எடுக்கலைங்க. நாந்தான் எழுதாம விட்டேன்."

அவர் அப்போதுதான் திரும்பினார். "மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. என்னவோ, வாய் அப்படி வரவில்லை. "மறக்கல. வேணும்னுதான்."

"நான் உனக்கு இன்னாடா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உங்க பேரு வாராவாரம் வருது. எம்பேரு ஒரு தடவகூட வந்ததில்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அக்கா நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "ஏமே, கேட்டியா? இந்தக் கட்டிலுக்குக்கூட போட்டிக்கி ஆள் கீது!" என்றார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "பொறாமப்பட்ட இல்ல? வா. வந்து என்னப் புரட்டு. இதுல இன்னா சொகம் கீதுன்னு பாத்துட்டுப் போ."

புரட்டினேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது, அக்கா சொல்லிக் கொடுத்தார். முதலில் அந்தப் பக்கத்து முழங்காலை மடக்க வேண்டும். பிறகு தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து நம் பக்கம் இழுக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வியாழக்கிழமைகளில் அதைப் போர்வை மூடியிருந்தது. துடைத்தோம், மருந்து வைத்தோம், துணியை மாற்றினோம். அக்கா இதை ஒரு நாளைக்கு ஆறு தடவை தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

"தெனம் காலையில வந்துட்டுப் போ," என்றார் அவர். "நீ செஞ்சத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலை ஆராதனையில் அவர் பெயர் முதலில் வந்தது. போன வாரம் தவறுதலாக விடுபட்டது என்று செயலாளர் வருத்தம் வேறு தெரிவித்தார். அந்தப் புண்ணைப் பார்த்த பிறகும் எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான்கு மாதம் காலை ஆறு மணிக்குப் போய்ப் புரட்டிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். அதற்குள் பெண்கள் ஐக்கியத்தில் அக்கா தன் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு தவிர தினமும் ஒருவர் காலையில் போய் உதவுவது என்று சபையில் முடிவாயிற்று. வாலிபர் சங்கத்தில் ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். சனிக்கிழமைக்கு ஆள் இல்லை. அக்காதான் போதகரிடம் என்னைச் சொன்னார். போதகர் குறித்துத் தந்த தாளில் ஆறாவதாக என் பெயர் இருந்தது.

கடைசியில் ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது. அன்று இரண்டு தாள் வீணாக்கி, மூன்றாவதில் எழுதினேன். திங்கள், செவ்வாய் என்று கிழமை போட்டு ஐந்து பெயர். சனி கடைசி வரி. தாளின் அடியில், வலது ஓரத்துக்குத் தள்ளி என் பெயர் வந்து நின்றது.

ஞாயிறு செயலாளர் வாசித்தார். ஐந்து பெயரை வாசித்தார். தாளை மடித்தார். "ஆசீர்வாதத்துக்காக எழுந்து நிற்போம்," என்றார்.

குனிவதற்குத் தயாராக இருந்த என் தலை நிமிர்ந்தபடியே இருந்தது. முடிந்ததும் அவரிடம் போனேன். "ஐயா, சனிக்கெழம பேரு வாசிக்கலயே."

அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார். "அட! இது எழுதினவன் போட்ட கையெழுத்துன்னு இல்ல நெனச்சேன். ஓரமா வேற போட்டிருக்க. செரி, அடுத்த வாரம் பாக்கலாம்பா." அடுத்த வாரம் அந்தப் பகுதியையே எழுத வேண்டாம் என்றுவிட்டார். ஏற்கெனவே வாசித்தாயிற்றாம்.

வாசலில் பெண்கள் அந்த ஐந்து பையன்களையும் சூழ்ந்து நின்றார்கள். நான் நாற்காலி மடக்கினேன்.

சனிக்கிழமை காலை போனேன். கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டினேன் போலிருக்கிறது.

"மெதுவாடா," என்றார் அவர். "நேத்து வந்த பையன் எவ்ளோ பதமா புரட்னான் தெரியுமா? அவன் கையே வேற."

"ஆமா தம்பி," என்றார் அக்காவும். அவனுக்குக் காபி கொடுத்தாராம்.

துணியை இழுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை லாட்ஜில் சொல்லாமல் கிளம்பி, அவன் புரட்டுவதைப் பார்க்க அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"மொதல்ல முழங்கால மடக்குப்பா," என்றேன்.