குப்பைமேட்டுக் கிணற்றில் கேட்ட மணி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பயப்பட எனக்கு வேறு விஷயங்கள் நிறைய: அடுப்பை அணைத்தேனா, மோட்டார் சைக்கிளைப் பூட்டினேனா. படிப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்புவேன். இதைக் காதால் கேட்டுவிட்டேன், அதுதான் சிக்கல்.

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்ட குப்பைமேட்டில் எனக்கு வேலை. குப்பை அழுகி உண்டாகும் கேஸை ஆழத்தில் இறக்கிய குழாய்க் கிணறுகள் வழியாக எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள். மழைக்காலத்தில் கிணற்றடியில் தண்ணீர் தேங்கிவிடும், கேஸ் மேலே வரமுடியாமல் அடியிலேயே முக்கிக்கொண்டு கிடக்கும். பம்ப் போட்டுத் தண்ணீரை எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் பக்கத்து வால்வைத் திறந்து அழுத்தத்தை விடவேண்டும், இல்லையென்றால் மூடியைத் தூக்கிக்கொண்டு எல்லாம் சீறும்.

அன்று மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. கூட வந்த முனியாண்டி அண்ணன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். அவசரத்தில் வால்வைத் தொடாமல் மூடியின் போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வால்வு..."

"இது செத்த கிணறுடா. எவ்ளோ நாளா மூச்சே இல்ல. நீ பயப்படுறதப் பாத்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒரு கட்டில் சொல்லி வைக்கணும் லா."

நான் குழாயில் காதை வைத்தேன், என் பழக்கம் அது. உள்ளே இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம், நிதானமாக, டங் டங்கென்று. அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது. முகம் மாறிப்போய் ஸ்பேனரைப் போட்டார். "பால் எடுக்கச் சொல்றாங்க" என்றபடி எழுந்து சரிவில் விடுவிடுவென்று இறங்க, நானும் பின்னாலேயே ஓடினேன். முதுகுக்குப் பின்னால் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

கொட்டகைக்கு வந்ததும் அண்ணன் சொன்னார்: "மழை வரப்போனா கங்காணி தண்டவாளத் துண்டுல அடிப்பாரு. மரத்துல கட்டுன மங்குல உள்ள ரப்பர் பால வாளியில ஊத்திக்கிட்டு எல்லாரும் ஸ்டோருக்கு ஓடி வந்துடணும். அந்தச் சத்தம் கேட்டா கால் தானா எழுந்துடும் லா."

கேஸ் தண்ணீரைத் தள்ளும்போது குழாய் அப்படித்தான் தட்டும் என்றார் இன்ஜினியர். இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

ஆனால் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஆட்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்த பிறகு கங்காணி மறுபடி ஒருமுறை அடிப்பாராம்.

அன்று அந்த இரண்டாவது அடி கேட்கவில்லை. கிணற்றை சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். மழை கறுத்தால் இன்றும் அந்த சிமெண்டில் போய்க் காதை வைக்கிறேன்; அந்த அடி மட்டும் கேட்பதில்லை. யாரோ இன்னும் வந்து சேரவில்லை.