ஊதாத இரண்டாவது விசில்

பகல் ஒன்றேகால். தேனி பஸ் நிலையத்தில் கம்பம் வண்டி ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். மடியில் வெற்றிக் கோப்பை, கழுத்தில் விசில். பழனிசெட்டிபட்டி தாண்டியதும் கண்டக்டர் கோப்பையைப் பார்த்தார்.

“கப்பு வாங்கிட்டு வர்றீகளா, குடுக்கப் போறீகளா?”

“குடுக்க. என்னோடது வீட்டு ஷோகேஸ்ல இருக்கு” என்றேன், கேட்காததையும் சேர்த்து.

மதுரையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் விளையாட்டுப் போட்டிகள் நடத்துபவள் நான். நன்றாகவே நடத்துவேன். முதல் விசிலுக்குப் பின் பத்து நிமிடத்தில் இரண்டாவது விசில். அதற்குள் வராத அணி தோற்ற அணி. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

சுருளிப்பட்டி மகளிர் குழுத் தலைவி செல்வி, ஒரு பயிற்சி முகாமில் பழக்கமானவர். தங்கள் எறிபந்து இறுதியாட்டத்துக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார். முதல் சுற்றுகளைப் போலவே இதுவும் ஞாயிறு என்றுதான் சொன்னார். ஞாயிறு எங்கள் குடியிருப்பில் கேரம் போட்டி. சனிக்கிழமை நாலு மணி என்று போனிலேயே மாற்றிவிட்டேன். மறுபேச்சு வரவில்லை.

மூன்று மணி. கம்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். வழியெல்லாம் திராட்சைப் பந்தல். சுருளிப்பட்டி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் நேராக ஓடின, வலை விறைப்பாக நின்றது. குறை சொல்ல வந்தவளுக்கு வேலையே இல்லை.

மூன்றே முக்கால். ராயப்பன்பட்டி அணி மினிபஸ்ஸில் வந்து இறங்கியது. கேப்டன் மேரி தையல் கடை வைத்திருப்பவர். திரும்பிப்போக ஆறு மணிக்கு ஒரே மினிபஸ்.

நாலு மணி. முதல் விசில். சுருளிப்பட்டி அணியில் ஒருவரையும் காணோம்.

“எங்க உங்க ஆளுக?” என்று செல்வியைக் கேட்டேன்.

“மலையில இருக்காக. ஏலக்கா எஸ்டேட்ல நாலு மணிக்குத்தான் வேல விடுவாக. ஒரே ஜீப்புல போய் வர்றவுகதான் மொத்த டீமும். கம்பம்மெட்டு எறங்கி வர அஞ்சாயிரும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்களே நேரம் குறிச்சிட்டீக. வர்றவுகள எப்படி மறுத்துப் பேச?”

அவமானமாக இருந்தது. ஆனாலும் விதி விதிதானே. நாலு பத்துக்கு இரண்டாம் முறை ஊத விசிலை வாயில் வைத்தேன். மேரி பந்தைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“ஊதாதீக அக்கா. இவுகள நாங்க ஒரு தடவகூட செயிச்சதில்ல. கப்போட போய் எறங்குனா எப்படிச் செயிச்சீகன்னு ஊருல கேப்பாக. என்னத்தச் சொல்ல?”

“உங்க மினிபஸ் போயிருமே?”

“போகட்டும்.”

விசிலை இறக்கினேன். ஒரு மணி நேரம் அந்த அணி வெயிலில் காத்திருந்தது.

ஐந்து பத்து. ஹாரன் அடித்தபடி ஜீப் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. இறங்கியவர்களுக்குச் சேலை மேல் ஆண் சட்டை, கையில் தூக்குவாளி. நெட்டையான கேப்டன் பாண்டியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை.

“ஊதிட்டாகளா?” என்று மேரியிடம் கேட்டார்.

“இல்ல. தண்ணியக் குடிச்சிட்டு வா.”

எஸ்டேட்டில் சாப்பாட்டு நேரத்தில் வலைக்குப் பதில் கயிறு கட்டிப் பழகியவர்களாம். மூன்றாவது செட்டில் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று ஜீப் அணி வென்றது. கோப்பையைக் கொடுத்தபோது என் கண் கலங்கிவிட்டது. காத்திருந்தவர்கள் தோற்றுவிட்டார்களே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆறரை. ராயப்பன்பட்டிக்காரர்களை அதே ஜீப் ஏற்றிக்கொண்டது. உத்தமபாளையம் வரை நானும். தோற்ற சோகம் மேரியிடம் இல்லை.

“அந்த நெட்டைக்காரி சர்வீஸ் கண்ணுக்கே தெரியல. அடுத்த தடவ பாத்துக்கிறேன். நீங்க ஆடுவீகளா அக்கா?”

“ஷட்டில்.”

“கப்பு வாங்கிருக்கீகளா?”

“ஒண்ணு.”

“எப்படிச் செயிச்சீக?”

பொய் வரவில்லை. இறுதியாட்டத்தில் என்னை எதிர்த்து ஆடவேண்டிய எங்கள் மேல்மாடி நர்ஸ் ராதா டூட்டி முடிந்து ஓடிவந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நான் அன்றைக்கு ஊதிவிட்டேன் என்று சொன்னேன். ராயப்பன்பட்டியில் இறங்கும்போது மேரி என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

ஏழே கால். உத்தமபாளையத்தில் மதுரை பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ராதாவுக்குப் போன் செய்தேன்.

“நாளைக்கு உங்களுக்கு டூட்டி எத்தனை மணிக்கு முடியுது? நம்ம ஃபைனலை இன்னும் ஆடலையே.”