ட்வைலாவின் வாஷ்பேசின் மேடை

ட்வைலா ஹோக் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பனியில் பேருந்து சறுக்கினாலும் அவள் குரல் சறுக்கியதில்லை என்று அவளுடைய அண்ணன் ஆர்லிஸ் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கினாள். குளிர்காலத்தில் அதை அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். பக்கத்தில் ஆர்லிஸின் சின்ன இழுவை வண்டி நிற்கும். அவர் எட்டாம் வகுப்போடு தானியக் கிடங்கு வேலைக்குப் போனவர். ஸ்பானரைக் கழுவித் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார்.

அந்த வருடம் வடக்கே ஓர் ஏரிப் பூங்காவில் முகாம் பொறுப்பாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது. வழக்கமாகக் கணவன் மனைவி சேர்ந்து வந்தால்தான் கொடுக்கிற வேலை. தனியாள் ஒருத்திக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நிபந்தனை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அலுவலகம் பூட்டுவதற்குள் அவள் வண்டி அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அடுத்துக் காத்திருக்கும் தம்பதிக்குப் போய்விடும்.

பனிக்காலம் வரும்வரை அந்த ஏரிக்கரையில்தான் வாசம் என்றானதும், ட்வைலாவின் கண் வாஷ்பேசின்மேல் விழுந்தது. சூப் கிண்ணம் அளவில் ஒரு பிளாஸ்டிக் குழி. முகம் கழுவினால் முழங்கை சுவரில் இடிக்கும். அதைத் தாங்கிய பலகை ஈரம் குடித்து ரொட்டிபோல் உப்பியிருந்தது.

"அண்ணே, அங்க போறதுக்குள்ள இதை மாத்திடணும். மனுஷி மாதிரி மூஞ்சி கழுவணும்."

"கல்லு மேடையெல்லாம் போடாதம்மா. வண்டி தாங்காது. மலைப்பாதை வேற."

அவள் மூங்கில் பலகை வாங்கினாள். வெள்ளைப் பீங்கானில் ஆழமான பேசின் வாங்கினாள். அது உட்கார வேண்டுமென்றால் மேடை பழையதைவிட நாலு விரற்கடை முன்னால் நீள வேண்டும். நீட்டினாள். அளந்தது அவள். அதைத் திரும்ப அளந்தது ஆர்லிஸ். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. பேசினைப் பசை போட்டு இறுக்கி, ஓரமெல்லாம் சிலிக்கான் பூசினாள். குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அன்று சாயங்காலம் பழைய பலகையை எல்லோருமாகச் சேர்ந்து நெருப்பில் போட்டு, அதில் சாசேஜ் சுட்டுத் தின்றார்கள்.

ஆர்லிஸ் முகாமில் இருந்தவர்களையெல்லாம் வரிசையாக அழைத்து வந்து காட்டினார்.

"ஆணி முதற்கொண்டு என் தங்கச்சி கை வேலை."

பக்கத்து வண்டி க்வெண்டா எட்டிப் பார்த்தாள். "இது வாஷ்பேசினா, குழந்தைய குளிப்பாட்டுற தொட்டியா?"

"உன் மூஞ்சிக்கு இதுவும் பத்தாது, க்வெண்டா. நீ ஏரிக்குத்தான் வரணும்," என்றாள் ட்வைலா.

வந்து பார்த்தவர்கள் எல்லாருமே வருடக்கணக்காக வண்டியில் வாழ்கிறவர்கள். ஆனாலும் அதிலிருந்த கோளாறு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்க்குழாயைச் சுருட்டி, நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டு, ட்வைலா படுக்கையறைப் பொத்தானை அழுத்தினாள். வண்டி நிற்கும்போது அந்த அறையின் ஒரு பக்கச் சுவர், துணி அலமாரியோடு சேர்ந்து வெளியே தள்ளி நிற்கும். ஓடும்போது உள்ளே வந்துவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க வெளியேதான் இருந்தது. மேடையை அளந்ததும் அப்படி இருக்கும்போதுதான்.

அலமாரி நகர்ந்து வந்தது. மரத்தில் மரம் முட்டியது. மோட்டார் முனகியது. ட்வைலா விரலை எடுத்துவிட்டாள்.

அலமாரியின் மூலை புது மேடையின் வலது ஓரத்தில் முட்டி நின்றது.

ஆர்லிஸ் உள்ளே வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் வண்டியில் இப்படி நகரும் சுவர் கிடையாது. அது ஒரு சமாதானம்தான். ஆனாலும் திரும்ப அளந்தவர் அவர்.

"மேடையை முழுசாக் கழட்டிடலாமா?"

"பேசின் உடையும். பழைய பலகையும் இல்ல. அதுலதான் சாசேஜ் சுட்டு தின்னமே."

வெளியிலிருந்து க்வெண்டா கத்தினாள். "என்னடி, இன்னும் கிளம்பலையா? குழந்த தொட்டியில தூங்கிடுச்சா?"

ட்வைலா மேடை ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "வெட்டிடலாம்ணே," என்றாள்.

"வெட்டினா பேசின் ஓரத்துக்கு ரெண்டு விரல்தான் மிஞ்சும். பீங்கான்ல பட்டுதுன்னா போச்சு. இரு, டேப் எடுத்துட்டு வரேன். நிதானமா அளந்து..."

"அளந்தது போதும்ணே."

அவள் இறங்கிப் போய், சுவர் உள்ளே வராமல் இன்னும் வெளியே துருத்தி நின்ற பகுதியில் ஒரு சுள்ளியை வைத்து, அந்த நீளத்துக்கு ஒடித்தாள். அதோடு விரல் அகலம் கூட்டி, அலமாரி முட்டிய இடத்திலிருந்து மேடைமேல் வைத்துக் குறித்தாள். குறியிலிருந்து ஓரம்வரை பென்சிலால் ஒரு வளைவு. ஆர்லிஸ் ஜெனரேட்டரைப் போட்டார். பிறகு கந்தலால் பேசினைப் போர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரம்பம் ஓடியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டது ட்வைலாவுக்குத் தெரியும்.

துண்டு தரையில் விழுந்தது. பொத்தானை அழுத்தினாள். அலமாரி வந்தது, மேடையைத் தொடாமல் கடந்து தன் இடத்தில் நின்றது.

அதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது. சாப்பிட நிற்காமல் ஓட்டினாள். ஆர்லிஸ் பின்னாலேயே வந்தார். மலை வளைவுகளில் அவள் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பூங்கா அலுவலகத்துப் பெண் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றபோது ஆர்.வி. உள்ளே நுழைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அந்தத் தம்பதிக்கு போன் போட்டிருப்பேன்மா," என்றாள் அவள். 'முகாம் பொறுப்பாளர்' என்று எழுதிய பலகையை ட்வைலா கையில் கொடுத்தாள்.

மறுநாள் அந்த அலுவலகப் பெண்ணே ஆர்.வி.யைப் பார்க்க வந்தாள். ஆர்லிஸ் வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வளைவு அழகா இருக்கே! யாரு யோசனை?"

ஆர்லிஸ் நிமிர்ந்தார். "எல்லாம் என் தங்கச்சிதான். முன்கூட்டியே கணக்குப் பண்ணி..."

"அலமாரியோட யோசனை," என்றாள் ட்வைலா. குழாயைத் திறந்து முகம் கழுவினாள். முழங்கை எங்கும் இடிக்கவில்லை.